மொபுட்டுவைத் தாங்கியதும் மார்க்கோஸைக் கைவிட்டதும்

கம்யூனிசத்தைத் தடுக்க இவர்களே 'சிறிய தீமை' என்று சொல்லித்தான் ஜைரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) சர்வாதிகாரி மொபுட்டுவையும் பிலிப்பைன்ஸின் சர்வாதிகாரி மார்க்கோஸையும் அமெரிக்கா ஆதரித்தது. இரண்டு கதைகளும் பிரிந்தது கடைசிக் கட்டத்தில்.

மொபுட்டு 1965இல் ஆட்சியைப் பிடித்தார். அண்டை நாடான அங்கோலாவின் கிளர்ச்சியாளர்களுக்கு அமெரிக்கா ஆயுதம் அனுப்ப அவருடைய காமினா விமானத்தளம் பயன்பட்டது. ஜைரின் மத்திய வங்கிக்கு 1978இல் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) அனுப்பிய ஜெர்மன் வங்கியாளர் எர்வின் புளூமென்தால், கொடுத்த கடன் திரும்பாது என்று 1982இல் எழுதியே கொடுத்தார். அதன் பிறகும் கடன் போனது. 'சிறிய தீமை' வாதம் பழுதாகும் இடம் இதுதான்: தீமையை மறுபடி அளக்க யாரும் தேதி குறிப்பதில்லை. அதற்குள் மாற்றாக வரக்கூடியவர்களைச் சர்வாதிகாரி சிறையில் அடைக்கிறார், அல்லது பதவி கொடுத்து வாங்குகிறார். 'வேறு ஆளில்லை' என்பது அப்படித்தான் உண்மையாகிறது. பனிப்போர் முடிந்ததும் ஆதரவு வற்றியது. 1997இல் அவர் ஓடியபோது மிஞ்சியது வெற்று அரசு; அடுத்த ஆண்டே பெரும்போர்.

மார்க்கோஸ் 1972இல் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். அங்கிருந்த தன் கிளார்க், சூபிக் ராணுவத் தளங்களுக்காக வாஷிங்டன் பொறுத்துக்கொண்டது. 1986 தேர்தல் மோசடிக்குப் பின் ராணுவம் பிளந்தது, மக்கள் தெருவில் நின்றார்கள். விலகும்படி அமெரிக்க செனட்டர் லக்சால்ட் தொலைபேசியில் சொன்னார். மார்க்கோஸ் ஹவாய் போனார். இது பலித்ததற்குக் காரணம், அந்தத் தேர்தலில் எதிர்த்து நின்ற கோரசோன் அக்கினோ என்ற மாற்று ஏற்கெனவே இருந்தது. கடைசிவரை தாங்குவதைவிட இப்படிக் கைவிடுவதே மேல் என்பேன். ஆனால் 14 ஆண்டுச் சித்திரவதைக்கு அது ஈடாகாது. தளங்கள் போய்விடும் என்ற அச்சமும் மிகை: அமெரிக்கா சூபிக்கைக் காலி செய்தது 1992இல், சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு.