மேல்முதுகு நோ: காரணம் தேடியதும் தணிவு கண்டதும்

நாரி (இடுப்பு) நோவைப் பற்றிக் கேட்டால் இலங்கையின் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் கதை சொல்வார். மேல்முதுகு நோவைப் பற்றிப் பேச ஆள் குறைவு. எனக்கு அது இடதுபக்கத் தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில், ஒரு உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது. காலையில் பெரிதாகத் தெரியாது. மத்தியானம் தாண்ட இறுகத் தொடங்கும். பொழுதுபட்டால் கழுத்துவரை ஏறிவிடும், கையைத் தூக்கித் தலை இழுக்கவே (சீவவே) மனம் வராது. விசுவமடுப் பக்கம் வீட்டில் வைத்துத் தைக்கிறேன். பல வருடமாக இந்த நோவோடுதான் தையலும் நடக்கிறது. என்னைப்போல அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்று, நான் பாவித்துப் பார்த்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நோகும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. 2009 இல் போரில் பட்டது. எக்ஸ்ரேயில் அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அந்தப் படத்தைப் பார்த்த எல்லோருக்கும் அத்தோடு விசாரணை முடிந்துவிடும். சொந்தக்காரர் மட்டுமில்லை, என்னைப் பார்த்த டொக்டர்களில் சிலரும் "அதுதான் நோகுது" என்று சொல்லிப் பனடோல் எழுதித் தந்துவிடுவார்கள். எங்கள் பக்கம் உடம்பில் துண்டோடு இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு எந்த நோ வந்தாலும் பழி அந்தத் துண்டின் மேல் விழுகிறது. ஆனால் காயம் ஆறிய பிறகு பல வருடம் எனக்கு அந்த இடத்தில் நோவே இருக்கவில்லை. தையலை முழுநேரத் தொழிலாக எடுத்த பிறகுதான் வந்தது. "எப்பயிருந்து நோகுது, அதுக்கு முதல் என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்கும் ஒருவர் வாய்க்கும் வரைக்கும் அது யாருடைய கவனத்துக்கும் வரவில்லை.

துண்டை எடுத்துவிடலாமா என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இப்படித் தசைக்குள் அசையாமல் கிடக்கும் சின்னத் துண்டைச் சுற்றி உடம்பு தழும்பால் ஒரு உறை கட்டிவிடும். அதைத் தேடி வெட்டப் போனால் வெட்டும் காயமே பெரிதாகிவிடும். கிருமி பிடித்தாலோ, நரம்பையோ மூட்டையோ அழுத்தினாலோதான் எடுப்பது பற்றி யோசிப்பார்களாம். உங்கள் உடம்பிலும் துண்டு இருந்தால் எக்ஸ்ரே படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். எம்ஆர்ஐ ஸ்கான் என்று யாராவது எழுதினால், துண்டு இருப்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள். அந்த மெசினின் காந்தம் இரும்பை இழுக்கக்கூடியது. எனக்கு அந்த ஸ்கான் தேவைப்படவில்லை.

சோதனைகள் என்று பார்த்தால் எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, ஈசிஜி எடுத்தார்கள். ஏன் இவ்வளவு என்று அப்போது சலித்தேன், இப்போது நன்றியோடு நினைக்கிறேன். முதுகெலும்பில் காசநோய் வருவது உண்டு, அது நடுமுதுகின் கீழ்ப்பகுதியிலும் நாரியின் மேற்பகுதியிலும்தான் அதிகம் பிடிக்கும், மேல்முதுகிலும் வரலாம். மாரடைப்பின் நோ முதுகுக்கும் பரவும். பித்தப்பைக் கல்லின் நோ வலதுபக்கத் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தெரியலாம். மாலைக் காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, இராத்திரிப் படுத்திருந்தாலும் விடாத நோ இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். கால் விறைத்துப் பலம் குறைவது, சலம் (சிறுநீர்) கட்டுப்படாமல் போவது, நோவோடு நெஞ்சு இறுகி வியர்ப்பது என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிதான். எனக்கு எல்லாம் சரியாக வந்தது. ஆபத்தான காரணம் இல்லை என்றுதான் அந்தப் பரிசோதனை ரிப்போட்டுகள் சொல்கின்றன. நோ இல்லை என்று அவை சொல்லவில்லை. இதை வீட்டுக்காரருக்கு விளங்கவைக்கத்தான் நாளெடுத்தது.

மாற்றம் வந்தது பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பிய பிறகு. அங்கே இருந்த மிஸ் படத்தைப் பார்க்க முதல் என்னைப் பார்த்தா. ஒரு கதிரையில் இருத்தி, மெசின் முன்னால் இருப்பதுபோல் கையை வைக்கச் சொன்னா. நான் பாட்டுக்கு வைத்தேன். இடது தோள் காதுப் பக்கம் ஏறியிருந்தது, கழுத்து முன்னால் நீண்டிருந்தது. "இப்பிடியே எவ்வளவு நேரம் அக்கா இருப்பீங்கள்?" என்று கேட்டபடி நோகும் இடத்தில் பெருவிரலால் அழுத்தினா. முழங்கைவரை மின்னல்போல ஓடியது. செல் துண்டு இருக்கும் இடத்தில் அதே பலத்தோடு அழுத்தினா, ஒன்றும் இல்லை. மனிதத் தலை 4, 5 கிலோ வரும். அது முன்னால் நீண்டபடியே நின்றால் பின்னால் இருக்கும் தசைகள் நாள் முழுக்க அதை இழுத்துப் பிடிக்கவேண்டும் என்றா.

பிறகு கிணற்றில் அள்ளுவது, தேங்காய் துருவுவது, கச்சான் பிடுங்கப் போவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. கடைசியில் கேட்டதுதான் முக்கியம்: "ஊசிக்கண் தெரியுதா?" தெரியவில்லை. நாற்பது தாண்டினால் கிட்ட இருப்பது தெளிவாகத் தெரியாது என்று தெரிந்தும், அதை முதுகோடு சேர்த்து யோசித்ததே இல்லை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் ஓடும்போது நான் மெசினுக்கு மேலேயே கவிழ்ந்து கிடந்திருக்கிறேன். வாசிப்புக் கண்ணாடி வாங்கினேன். மெசினை அறை மூலையிலிருந்து யன்னல் பக்கம் மாற்றினேன், மேசைக் கால்களுக்குப் பலகைத் துண்டு வைத்து உயர்த்தினேன். மருந்து எதையும் விட இவை மூன்றும் அதிகம் செய்தன.

பயிற்சிகள் சிம்பிள். துவாயைச் சுருட்டி மேல்முதுகுக்குக் குறுக்கே வைத்து மல்லாந்து படுத்து, கைகளை விரித்து ஆழமாக மூச்செடுப்பது. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து 5 எண்ணி விடுவது, 10 தடவை. பழைய சைக்கிள் ரியூப்பை யன்னல் கம்பியில் கட்டி இரண்டு கையாலும் இழுப்பது. முதல் கிழமைகளில் நோ கொஞ்சம் கூடியது, அது எதிர்பார்க்கத்தக்கதுதான் என்று முதலே சொல்லியிருந்தா. குறைவு தெரிய மாதங்கள் பிடித்தது. விட்டால் திரும்பவும் வரும்.

ஒத்தணம் எனக்குப் பிடித்தது. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து அம்மா வைத்துவிடுவா. நொச்சி இலையும் போடுவதுண்டு. இறுக்கம் தளரும், நித்திரை வரும், காலையில் அந்தச் சுகம் போய்விடும். தழும்புத் தோலில் உணர்ச்சி குறைவு என்பதால் சூட்டை அம்மா முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பா. காயத் தழும்பு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். சித்த வைத்தியரின் எண்ணெயும் இதே அளவுதான், எண்ணெயை விட அவர் உருவிவிட்டதுதான் சுகம். தோளை இழுத்துக் கட்டும் பட்டி எனக்குச் சரிவரவில்லை.

டைக்குளோபினாக் என்ற நோக் குளிசை உடனே கேட்கும். அதனால்தான் பயம். கடையில் கேட்டால் கிடைக்கிறது என்று மாதக்கணக்காகப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும். வவுனியாப் பக்கம் வரைக்கும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியிருக்கிற நாட்டில், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துவிட்டு அந்தக் குளிசையைப் போடுவதை நினைக்கவே எனக்கு நெஞ்சு பதறுகிறது. டொக்டர் சொன்ன நாளுக்கு மேல் வேண்டாம், தயவுசெய்து.

இன்னொன்று. போர் முடிந்த மே மாதம் வந்தால் எனக்கு நித்திரை குறையும், நோ கூடும். அதைக் கற்பனை என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. நித்திரையில்லாத உடம்புக்கு நோ பெரிதாகத் தெரியும், பயந்த தோள் தானாகவே ஏறிக்கொள்ளும். அந்த மாதம் ஓடர் குறைவாக எடுக்கிறேன், பயிற்சியைப் பின்னேரம் அம்மாவோடு சேர்ந்து செய்கிறேன்.

இப்போது நோ முற்றாக இல்லையென்று சொல்லமாட்டேன். நான் தலை இழுக்கிறேன், தண்ணீர் அள்ளுகிறேன், முழுநாளும் தைக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் காலத்தில் மட்டும் இறுக்கம் திரும்ப எட்டிப்பார்க்கும். அதனால் சீருடைத் துணியை முந்தியே தரச் சொல்லிவிடுகிறேன். கடைசிக் கிழமையில் கொண்டு வருகிறவர்களை எங்கள் ஒழுங்கையில் தைக்கும் தங்கச்சியிடம் அனுப்புகிறேன். அவவுக்கும் மேசையை உயர்த்தச் சொல்லிப் பலகைத் துண்டு கொடுத்திருக்கிறேன்.