சிறுநீரகக் கல்: எந்த அளவை நம்புவது?

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் சித்தப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கல். அல்ட்ராசவுண்டில் 7 மி.மீ. ஒரு மாதம் வாழைத்தண்டுச் சாறு குடித்தார். அப்புறம் எடுத்த சி.டி. ஸ்கேனில் 5 மி.மீ. "கல்லு கரையுதுப்பா" என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நடுவில் அளந்த கருவியே மாறிவிட்டது. இரண்டு எண்களையும் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை.

அல்ட்ராசவுண்டில் ஒலிக்கற்றை பக்கவாட்டில் விரிவதால் கல் அகன்று தெரியும். சின்னக் கல் என்றால் இந்தப் பிழை கூடுதல். பளிச்சென்ற புள்ளியை விட்டு அதன் பின்னால் விழும் நிழலின் அகலத்தை அளந்தால் உண்மைக்கு நெருக்கமாக வரும். கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. முதல் பரிசோதனைக்கு இதுவே போதும்.

சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும், அந்த இடம் எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு: தண்ணீர் 0, காற்று -1000, கல் சில நூறு முதல் ஆயிரத்துக்கு மேலும். மவுஸால் கோடு இழுத்து அளப்பதுதான் வழக்கம். தசை தெளிவாகத் தெரியும்படி திரையின் வெளிச்சத்தை வைத்த காட்சியமைப்பில் கல் வீங்கித் தெரியும். எலும்புக்கானதில் விளிம்பு ஒழுங்காக இருக்கும். சி.டி. உடலைத் துண்டு துண்டாகப் படமெடுக்கும். ஒரு துண்டு 5 மி.மீ. தடிமன் என்றால் மேல்கீழ் அளவைப் பெரிதாக நம்ப வேண்டாம், 1 மி.மீ. துண்டு கேளுங்கள்.

மூன்றாவது வழி, மென்பொருள். 3டி ஸ்லைசர் இலவசம். ஒரு ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணை வரம்பாக வைத்து, அதற்கு மேலுள்ள கனப்புள்ளிகளை (நீளம், அகலம், தடிமன் மூன்றும் உள்ள புள்ளிகளை) எண்ணும். ஒரு புள்ளி 0.7 × 0.7 × 1 மி.மீ. என்றால் 200 புள்ளிகள் சேர்ந்து 98 கன மி.மீ. பேரீச்சங்கொட்டை போல நீண்ட கல்லுக்கு ஒற்றை நீளத்தைவிட இது நியாயமான அளவு. வரம்பை ஏற்றினால் விளிம்பு தேயும், இறக்கினால் பக்கத்துத் திசுவும் சேரும். யூரிக் அமிலக் கல்லின் எண் குறைவு என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாயில் வைக்கும் மெல்லிய குழாய்) இருந்தால் அதையும் கல்லோடு சேர்த்து எண்ணிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படம் இதற்கு உதவாது. ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் என்ற தகவல், ஸ்கேன் கருவி தரும் மூலப் படமான டைகாம் கோப்பில்தான் இருக்கும்.

சிறுநீர்க்குழாயில் இறங்கிய கல் தானாக வெளியேறுமா என்று பார்க்க அகலம்தான் முக்கியம். அதற்கு எலும்புக் காட்சியில் கையால் அளந்தாலே போதும். சிறுநீரகத்துக்குள் பெரிய கல் இருந்து, உடைக்கலாமா என்று யோசிக்கும்போது கன அளவைக் கேட்பேன்.

சித்தப்பாவுக்கு அடுத்த பரிசோதனையும் அல்ட்ராசவுண்டிலேயே, முடிந்தால் அதே இடத்தில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் வரும் எண்ணைப் பழைய 7-உடன் ஒப்பிடுவோம்.