நிலாவெளி வெயிலில் ஆல்டர்நேட்டர்: குழாயா, தகடா, சின்னப் புல்லியா?

கச்சான் காற்று தொடங்கினால் திருகோணமலையில் மனிதருக்கே மூச்சு முட்டும், பழைய டீசல் வான் வண்டியில் சீட்டுக்குக் கீழே எஞ்சினோடு சேர்ந்து வேகும் ஆல்டர்நேட்டரை, அதாவது பெல்ட்டால் சுற்றி மின்சாரம் தந்து பற்றரியை நிரப்பும் கருவியை, யார் நினைக்கிறார்கள்? என்னுடையது போன ஆனியில் செத்தது. நிலாவெளியில் ஆட்கள் கடலில் குளிக்க, நான் ஏசியைப் போட்டபடி முக்கால் மணித்தியாலம் ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மெதுவாக ஓட, நின்றேன். திரும்பும்போது உப்புவெளிக்குக் கிட்ட பற்றரி லைட் எரிந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோட் கருகிக் கிடக்கிறது. அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெல்ட் கொடுக்கும் சக்தியில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மின்சாரமாகும், மீதி சூடாகத்தான் போகும். 14 வோல்ட்டில் 60 அம்பியர் என்றால் 840 வாட் மின்சாரம், கூடவே 500, 600 வாட் சூடு. அதை வெளியே தள்ளுவது ரோட்டரோடு சேர்ந்து சுற்றும் விசிறி மட்டும்தான். ஐட்லிங்கில் அது மெதுவாகச் சுற்றும், ஆனால் ஏசி புளோவரும் கண்டென்சர் விசிறியும் அப்போதும் முழுசாக இழுக்கும். கந்தளாய் ரோட்டில் 70இல் ஓடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை, கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் வாகன வரிசையில் நிற்கும்போதுதான் வினை.

அதனால்தான் எல்லோரும் முதலில் சொல்லும் கிறில் குழாய் எனக்குப் பிடிக்கவில்லை. முன்னாலிருந்து குளிர்ந்த காற்றை ஆல்டர்நேட்டருக்குக் கொண்டுவரும், சரி, ஆனால் வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும். மார்கழி மழையில் தண்ணீரும் அதே வழியால் வரும், கடற்கரை மணலும் வரும். குழாய்க்குள் ஒரு மின்விசிறி வைக்கலாம் என்கிறார்கள். வேலை செய்யும்தான், ஆனால் ஏற்கனவே திணறும் ஆல்டர்நேட்டர் அதற்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

தகடு அப்படியில்லை. எஞ்சினின் சூடான புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் மனிபோல்ட் பக்கத்தில் ஆல்டர்நேட்டர் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகடு, இரு பக்கமும் விரல் போகிற இடைவெளி, அவ்வளவுதான். மனிபோல்டிலிருந்து வரும் அனல் நிற்கும்போதும் தடுக்கப்படும், செலவும் குறைவு. ஆல்டர்நேட்டரையே சூடு தாங்கும் துணியால் சுற்றிக் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும், காற்றுத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார். அதைச் செய்யாதீர்கள்.

சின்னப் புல்லிதான், அதாவது ஆல்டர்நேட்டரில் பெல்ட் ஓடும் சக்கரத்தைச் சின்னதாக்குவதுதான், என்னை ஆசைப்பட வைத்தது. 70 மில்லிமீற்றரை 60 ஆக்கினால் அதே எஞ்சின் வேகத்தில் ஆல்டர்நேட்டர் 17 வீதம் வேகமாகச் சுற்றும், ஐட்லிங்கில் அம்பியரும் கூடும், விசிறியும் வேகமாகும். ஆனால் பெல்ட் பிடிக்கும் இடம் குறைவதால் வழுக்கும், வழுக்கினால் புல்லி சூடாகி அந்தச் சூடு நேராக பெயாரிங்குக்குப் போகும். கொழும்புக்கு அடிக்கடி வேகமாக ஓடுகிறவருக்கு வேண்டாம், ஆல்டர்நேட்டர் அளவுக்கு மிஞ்சிச் சுற்றும். உள்ளூர் ஓட்டம் மட்டும் என்றால் பெல்ட்டை இறுக்கமாகப் பார்த்துக்கொண்டு செய்யலாம்.

காசு இருந்தால் கூடிய அம்பியர் ஆல்டர்நேட்டர்தான் நேரான வழி. ஐட்லிங்கில் அதே அளவு கொடுக்க அது அவ்வளவு திணறாது. ஆனால் அதற்கேற்ற தடித்த சார்ஜிங் வயரும் போட வேண்டும், பலர் இதை விட்டுவிட்டு வயரைக் கருக்குகிறார்கள்.

இதையெல்லாம் வாங்க முதல் பற்றரியைச் சோதியுங்கள். ஒரு செல் போன பற்றரி எவ்வளவு கொடுத்தாலும் நிரம்பாது, ஆல்டர்நேட்டர் நாள் முழுக்க இழுபடும். என் கதையில் பாதிக் குற்றவாளி அதுதான். மீதிப் பாதி, ஆல்டர்நேட்டருக்குப் பின்னால் இருக்கும், பிரேக்குக்கு உதவும் வெக்கியூம் பம்பிலிருந்து கசிந்த எண்ணெய். உப்புத் தூசியோடு சேர்ந்து துளைகளைக் களிமண் போல அடைத்திருந்தது.

நான் கடைசியில் செய்தது புதுப் பற்றரி, பம்ப் சீல், ஒரு தகடு. ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு ஐட்லிங்கில் பற்றரியில் மீற்றர் வைத்தால் முன்பு 12.6 வோல்ட் காட்டியது, இப்போது 13.5க்குக் கீழே இறங்குவதில்லை. புல்லி இன்னும் மாற்றவில்லை. நிலாவெளியில் ஆட்கள் குளிக்கும்போது மர நிழலில் எஞ்சினை நிறுத்திவிடுகிறேன், ஏசி வேண்டும் என்று கேட்டால் வெளியே இறங்கிக் காற்று வாங்கச் சொல்கிறேன்.