துபாயா, சிங்கப்பூரா? பிள்ளையின் வயதைப் பார்த்து முடிவெடுங்கள்

துபாயிலிருந்து ஒன்றும் சிங்கப்பூரிலிருந்து ஒன்றுமாக இரண்டு ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தால், நம் ஆட்கள் முதலில் இரண்டு சம்பளத்தையும் ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பார்கள். அடுத்து, "துபாய்ல டாக்ஸ் கிடையாதாமே?" என்று கேட்பார்கள். இரண்டு ஊரிலும் குடும்பத்தோடு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தக் கணக்கைப் போடத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள். பிள்ளையோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் வயதை. அடுத்தது, கூட வரும் கணவனோ மனைவியோ அங்கே வேலைக்குப் போக நினைக்கிறாரா என்பதை. சம்பளத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

எல்லோரும் கேட்பதால் வரியை முதலில் முடித்துவிடுகிறேன். துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, அது உண்மை. சிங்கப்பூரில் உண்டு. ஆனால் எவ்வளவு? மாதம் 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம், ஆண்டுக்கு 96,000 என்று வையுங்கள். முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அதற்கு மேல் படிப்படியாக ஏறி, கழிவுகளுக்கு முன்பு மொத்த வரி 5,190 வெள்ளி வருகிறது. மாதக் கணக்கில் சுமார் 430 வெள்ளி. நம் ஊரில் பிடித்தம் போய் வரும் சம்பளத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு பெரிய தொகையாகவே தெரியாது. துபாயில் மிச்சமாகும் வரிப் பணத்தைப் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் பெட்ரோலும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும். மறைமுக வரியில் துபாயின் கை மேல்: அங்கே வாட் 5 சதவீதம், சிங்கப்பூரில் 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம்.

துபாய் ஆஃபரில் சம்பளத்தை விடக் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்பதுதான் அது. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள். மொத்தச் சம்பளம் 15,000 திர்ஹாம் என்று ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஆட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு பேசிக் 10,000. ஐந்து ஆண்டு முடித்து வரும்போது அவர் கையில் 35,000 திர்ஹாம் இருக்கும். இன்னொருவருக்கு பேசிக் 6,000, மீதியெல்லாம் அலவன்ஸ். அவருக்குக் கிடைப்பது 21,000. சேரும் அன்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் மாறியிருக்கும் தொகை இது. சிங்கப்பூரில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு இப்படிச் சட்டப்படி வரவேண்டிய கிராஜுவிட்டியும் இல்லை, மத்திய சேம நிதியும் இல்லை. முதலாளி 17 சதவீதம் போடும் அந்த நிதி குடிமக்களுக்கும் பி.ஆர். (நிரந்தரவாசத் தகுதி) வாங்கியவர்களுக்கும் மட்டும்தான். இ.பி. (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) என்ற வேலை அனுமதியில் இருப்பவர் தானாகச் சேர்த்தால்தான் சேமிப்பு.

வீட்டு விஷயத்தில் எனக்கு சிங்கப்பூர்தான் பிடித்தது. மாத வாடகை, ஒன்றிரண்டு மாத முன்பணம், அவ்வளவுதான். இரண்டு ஆண்டு ஒப்பந்தமாக இருந்தால், வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் முறித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்தை வழக்கமாகவே சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் கேட்டுச் சேருங்கள். துபாயில் வாடகை ஆண்டுக் கணக்கு. நான்கு காசோலை, ஆறு காசோலை என்று பின்தேதி போட்டு முதல் நாளே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். காசோலை குறையக் குறைய வாடகையும் குறையும் என்பதால், கையில் பணம் இருப்பவருக்கு லாபம், இல்லாதவருக்கு மேலும் செலவு. போதாததற்கு ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை மாதாமாதம் பிரித்து கரண்ட் பில்லோடு சேர்த்து வாங்கிவிடுவார்கள். இதையெல்லாம் தவிர்க்க பக்கத்து ஷார்ஜாவில் வீடு பார்ப்பவர்கள், மிச்சம் பிடித்ததை அல் இத்திஹாத் சாலை நெரிசலில் நேரமாகக் கொடுக்கிறார்கள்.

கார் ஆசை உள்ளவர்கள் யோசிக்கவே வேண்டாம், துபாய்தான். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றுக்கு மட்டும், பெரிய கார் என்றால், 2023 அக்டோபரில் 1,50,000 வெள்ளி வரை போனது. அதுவும் பத்தே ஆண்டுக்கு. அங்கே எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலும் பஸ்ஸும் இருக்கும்போது கார் இல்லாத குறை தெரியாது என்பது என் அனுபவம்.

இனி குடும்பம். இங்கேதான் இரண்டு ஊரும் நிஜமாகவே பிரிகின்றன. அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமோடு கம்பெனி வீடு இருந்தாலே மனைவி மக்களை அழைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. சிங்கப்பூரில் அதற்குக் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான மாதச் சம்பளம் வேண்டும். ரூபாயில் பார்த்தால் ஒன்று 1 லட்சம் அளவு, மற்றொன்று 4 லட்சம் அளவு. இடைநிலைச் சம்பளக்காரர் பலர் சிங்கப்பூரில் தனிக்கட்டையாக அறை எடுத்து இருப்பதற்கும், அதே தகுதி உள்ளவர் துபாயில் குடும்பமாக இருப்பதற்கும் காரணம் இந்த ஒரு விதிதான்.

கூட வருபவரின் வேலையும் இப்படியே. 2021 மே மாதத்திலிருந்து சிங்கப்பூரில் டிபெண்டன்ட் பாஸில் (கூட வரும் குடும்பத்தினருக்கான அனுமதி) இருப்பவர் வேலைக்குப் போக வேண்டுமானால் தனக்கென்று தனியாக ஒரு வேலை பாஸ் வாங்கியாக வேண்டும். இ.பி. என்றால் சம்பள வரம்பு, புள்ளிக் கணக்கு எல்லாம் அவருக்கும் உண்டு. நன்றாகப் படித்து, ஊரில் நல்ல வேலையில் இருந்த பெண்கள் அங்கே வீட்டோடு இருந்துவிட்டதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பகல் பொழுதை எப்படித் தள்ளுவது என்று அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல வராது. துபாயில் கணவர் விசாவில் இருந்துகொண்டே, வேலை தரும் கம்பெனி மூலம் பர்மிட் எடுத்து வேலை பார்க்கலாம். இரண்டு பேரும் சம்பாதிக்க வேண்டிய குடும்பத்துக்கு இந்த வசதி வருமான வரிச் சலுகையை விடப் பெரியது.

பள்ளிக்கு வருவோம். துபாயில் அரசுப் பள்ளியை மறந்துவிடுங்கள், தனியார் பள்ளிதான். சிபிஎஸ்இ பள்ளிகள் ஏராளம். கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மாறும், கூடவே ஸ்கூல் பஸ் கட்டணம் வேறு. ஆனால் ஒரு பெரிய நிம்மதி உண்டு. ஏழாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ ஊருக்குத் திரும்ப நேர்ந்தால், பிள்ளை அதே பாடப்புத்தகத்தோடு திருச்சியிலோ கோவையிலோ ஒரு பள்ளியில் உட்கார்ந்துவிடும். நீட் தேர்வுக்கு அங்கேயே மையம் உண்டு. என்.ஐ.டி. போன்ற கல்லூரிகளில் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கென்றே சி.ஐ.டபிள்யூ.ஜி. என்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு அந்தச் சலுகை கிடையாது. பிள்ளை ஆறாம் வகுப்பைத் தாண்டிவிட்டதா, இந்தியாவில்தான் கல்லூரி என்று முடிவா? துபாய்க்குப் போங்கள்.

குறை என்றால் தமிழ். அரபு மொழிப் பாடம் கட்டாயம், கூடவே இந்தி. தமிழை மொழிப்பாடமாக வைத்திருக்கும் பள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் தாத்தா பாட்டி இல்லாமல், பள்ளியில் தமிழும் இல்லாமல் வளரும் பிள்ளை, பேசும் ஆனால் படிக்காது. வார இறுதியில் தன்னார்வலர்கள் நடத்தும் தமிழ் வகுப்புகளுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் பெற்றோரை நான் மனதார மதிக்கிறேன்.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. அது சட்டத்தில் மட்டும் எழுதி வைத்த அந்தஸ்து இல்லை என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். எம்ஆர்டி நிலைய எச்சரிக்கைப் பலகையில் நான்காவதாகத் தமிழ் எழுத்து இருக்கும். கிளை நூலகத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்களுக்குத் தனி அடுக்கு இருக்கும். எழுத்துக்கூட்டப் பழகும் வயதில் பிள்ளை பலகைக்குப் பலகை நின்று படிப்பதைப் பார்க்கும் சந்தோஷத்தை எந்தச் சம்பளமும் தராது. அரசுப் பள்ளியில் தொடக்கநிலை முதல் உயர்நிலை வரை தாய்மொழிப் பாடமாகத் தமிழ் உண்டு, பொதுத் தேர்வும் உண்டு.

ஆனால் அந்த அரசுப் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டுமே. குடிமக்களுக்கும் பி.ஆர். பிள்ளைகளுக்கும் கொடுத்தது போக மீதி இடம்தான் வெளிநாட்டவருக்கு. தொடக்கநிலை ஒன்றில் தவறவிட்டால், அடுத்த வகுப்புகளுக்கு ஏ.இ.ஐ.எஸ். என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதில் தேறினாலும் இடம் உறுதியில்லை. இடம் கிடைத்தாலும் குடிமக்கள் கட்டுவதைப் போலப் பல மடங்கு கட்டணம். கிடைக்காவிட்டால் இந்தியப் பன்னாட்டுப் பள்ளி, அதன் கட்டணம் துபாய்ப் பள்ளியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆகவே பிள்ளைக்கு நான்கு, ஐந்து வயதில் போய்ச் சேர்பவருக்குத்தான் சிங்கப்பூர் முழுப் பலன் தரும். பத்து வயதுப் பிள்ளையோடு போகிறவர் இந்தத் தலைவலியை எல்லாம் மொத்தமாகச் சுமப்பார்.

மகன் உள்ளவர்களுக்கு இன்னொன்று. நீங்கள் பி.ஆர். வாங்கி, உங்கள் வழியாக மகனையும் பி.ஆர். ஆக்கினால், பதினெட்டு வயதில் அவன் இரண்டு ஆண்டு முழுநேரத் தேசிய சேவை (ராணுவம் போன்ற கட்டாயப் பணி) செய்ய வேண்டும். செய்யாமல் பி.ஆரைத் துறந்தால், பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். தேசிய சேவையை நான் குறை சொல்லவில்லை. அந்நாட்டில் வாழப் போகிற இளைஞனுக்கு அது நியாயமான கடமை. ஆனால் "முதலில் பி.ஆர். வாங்குவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆறு வயதில் எடுக்கும் முடிவு, பன்னிரண்டு ஆண்டு கழித்து மகன் தலையில் விழுகிறது. இந்தியாவும் இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, சிங்கப்பூரும் தருவதில்லை. ஒருநாள் தங்குவதா திரும்புவதா என்று சிங்கப்பூர் உங்களிடம் கேட்டே தீரும். துபாய் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கோல்டன் விசா பத்து ஆண்டுக்குக் கிடைத்தாலும் அங்கே நாம் விருந்தாளிகள்தான். சிலருக்கு அது குறை. எனக்கு அதில் ஒரு தெளிவு இருந்தது, ஊர் வீட்டைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டு வாழ்ந்தோம்.

அன்றாட வாழ்க்கையில் இரண்டும் இனிமையான ஊர்கள். துபாய் கராமாவில் நள்ளிரவிலும் சூடான பரோட்டா கிடைக்கும். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் முருங்கைக் கீரையும் அயிரை மீனும் தேடலாம், சிராங்கூன் சாலையில் தைப்பூசக் காவடி போகும், தீபாவளி அரசு விடுமுறை. துபாய்க் குளிர்காலம் அருமை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பிள்ளைகள் ஏசி அறைக்குள்தான். சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் புழுக்கமும் மழையும் இருந்தாலும், சாயங்காலம் புளோக்குக்குக் கீழே இறங்கி விளையாடலாம்.

வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நேர வித்தியாசத்தையும் யோசியுங்கள். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி முன்னால். இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்து போன் போட்டால் ஊரில் மணி ஆறு, அம்மா விளக்கேற்றிவிட்டுப் பேசுவார். துபாய் ஒன்றரை மணி பின்னால். நெரிசலில் நீந்தி ஒன்பது மணிக்கு வீடு சேர்ந்தால் ஊரில் பத்தரை, தூங்கியிருப்பார்கள்.

வேலை போனால்? சிங்கப்பூரில் இ.பி. ரத்தானதும் வழக்கமாக 30 நாள் அவகாசம். துபாயில் விசா வகையைப் பொறுத்து அதைவிடக் கூடுதலாகவும் கிடைக்கிறது. 2023 முதல் வேலையிழப்புக் காப்பீடும் கட்டாயமாகியிருக்கிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கட்டியிருந்தால், பேசிக்கில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். கட்டணம் மாதம் 5 அல்லது 10 திர்ஹாம், மறக்காமல் கட்டுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் குடும்பத்தோடு போக முடிகிறவர்களுக்கு. ஸ்கில் டெஸ்ட் அடித்துவிட்டு சிங்கப்பூர் கட்டுமானத் தளத்துக்கோ, துபாய் லேபர் கேம்புக்கோ போகும் தம்பிகளுக்குப் பள்ளிக் கட்டணக் கணக்கு பயன்படாது. அவர்கள் எந்த ஊரிலும் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. சிங்கப்பூரில் சம்பளம் சற்றுக் கூட, ஆனால் லாரியின் பின்பக்கத்தில் உட்கார வைத்து ஆட்களை ஏற்றிப் போவது இன்னும் நடக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கச் சட்டம் தடை விதிக்கிறது. வேலைக்கு எடுக்க ஆளிடமே பணம் வாங்குவதும் அங்கே குற்றம். ஆகவே எந்த ஊர் என்று பார்ப்பதற்கு முன், ஏஜெண்ட் கேட்கும் தொகையைப் பாருங்கள். அதைக் கட்ட வாங்கும் கடனை முதல் ஓராண்டுச் சம்பளத்தில் அடைக்க முடியாது என்றால், துபாயும் வேண்டாம், சிங்கப்பூரும் வேண்டாம்.