சரிவுத்தள முட்டைப் பெட்டி: கோழிக்கு ஓகே, வாத்துக்கு?

"கோழி, வாத்து இரண்டுக்கும் ஏற்றது" என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்களே, அந்தப் பிளாஸ்டிக் முட்டைப் பெட்டியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நாலு காலில் உயரமாக நிற்கும், உள்ளே தளம் சரிவாக இருக்கும், இட்ட முட்டை தானாக உருண்டு முன்பக்கத் தட்டுக்கு வந்துவிடும், நாம் மூடியைத் தூக்கி எடுத்துக்கொண்டால் போதும். கோழிக்கு நிஜமாகவே நல்ல சாமான். வாத்து மட்டும் வளர்ப்பவர்கள் அவசரப்படாதீர்கள்.

முதல் பிரச்சினை அந்தக் கால்கள். மஸ்கோவியை விட்டுத் தள்ளுங்கள், அது கூர்மையான நகம் உள்ள வாத்து, மரக்கிளையிலேயே ஏறி உட்காரும். மற்ற வீட்டு வாத்துகள் எல்லாம் தரையோடு தரையாகப் புழங்குபவை. முழங்கால் உயரத்தில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு "ஏறி முட்டை போடு" என்றால் அதற்கு நேர் கீழே, நிழல் விழுகிற இடத்தில் இட்டுவிட்டுப் போய்விடும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

சரி என்று கால்களைக் கழற்றித் தரையில் வைத்தேன். அப்புறம்தான் சரிவுத்தளத்தின் லட்சணம் தெரிந்தது. பெட்டை வாத்து முட்டையிடுவதற்கு முன் என்ன செய்கிறது என்று ஒரு தடவை பக்கத்தில் இருந்து பாருங்கள். உட்கார்ந்து நெஞ்சை அழுத்தி மெதுவாகச் சுற்றும், காலால் வைக்கோலைப் பின்னால் தள்ளிக் குழி பறிக்கும், எட்டுகிற தூரத்தில் உள்ள வைக்கோல் தாளை எல்லாம் அலகால் எடுத்துத் தன் பக்கவாட்டில் போட்டுக்கொள்ளும், இட்டு முடித்ததும் பல பெட்டைகள் முட்டையை மூடிவிட்டுத்தான் எழுந்து போகும். இந்தப் பெட்டியில் குழி எங்கே பறிப்பது? பெரிய சாம்பல் நிறப் பெட்டை வழுக்குகிற பாயில் சுற்றிச் சுற்றிப் பார்த்தது, கொஞ்சம் வைக்கோல் போட்டுக் கொடுத்தால் அது சரிந்து போய் முட்டை உருளும் வழியை அடைத்துக்கொண்டது, கடைசியில் அது எழுந்து போய்க் கொட்டிலின் மூலையில் இட்டது.

முட்டை சுத்தமாகக் கிடைக்கும் என்கிற விளம்பரத்தில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. வாத்து ஈரக் காலோடு வரும், சேறும் எச்சமும் முட்டையில் ஒட்டும், ஓட்டில் உள்ள நுண்துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போக வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு வழி காய்ந்த படுக்கையை அடிக்கடி மாற்றுவதும் முட்டையைச் சீக்கிரம் எடுப்பதும்தான். பெரும்பாலான வாத்துகள் விடியலுக்கு முன்னோ காலை எட்டு, ஒன்பது மணிக்குள்ளோ இட்டுவிடும். அதுவரை கொட்டிலைத் திறக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இருட்டோடு திறந்துவிட்டால் புதருக்குள்ளும் குளத்தடியிலும் தேட வேண்டியதுதான். அதிலும் இண்டியன் ரன்னர் இன வாத்து இருந்தால் சொல்லவே வேண்டாம், கூடு என்று எதையும் மதிக்காமல் நின்ற இடத்திலேயே போட்டுவிட்டு நடந்துகொண்டே இருக்கும்.

பெட்டியோடு வந்த துண்டுச்சீட்டில் "முட்டை எண்ணிக்கை கூடும்" என்று வேறு போட்டிருக்கிறது. பெட்டியால் எப்படிக் கூடும்? காக்கி கேம்பல் மாதிரி முட்டைக்கென்றே உருவாக்கிய இனம் நல்ல தீவனத்தில் வருடத்துக்கு 250 முதல் 300 வரை கூட இடும், மஸ்கோவி அதில் பாதியைத் தாண்டுவதே அரிது. மற்றபடி வயது, பகல் வெளிச்சம், சுண்ணாம்புச் சத்து, இறகு உதிரும் பருவம் இவைதான் கணக்கு. இறகு உதிரும்போது தங்கப் பெட்டி வாங்கி வைத்தாலும் இடாது.

அடைக்கு உட்காராமல் தடுக்கும் என்பது இன்னொரு பெருமை. கேம்பலுக்கு அது தேவையே இல்லை, அது அடைக்கு உட்காருவதே அபூர்வம். அடிக்கடி அடை உட்காருவது மஸ்கோவிதான். ஆனால் குஞ்சு பொரிக்க விரும்புகிறவர்களுக்கு இந்தப் பெட்டி அறவே ஆகாது, முட்டைதான் பெட்டையின் வயிற்றுக்கடியில் தங்காதே. மஸ்கோவி முட்டை பொரிய 35 நாள், மற்ற வாத்து முட்டைக்கு 28 நாள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கால், சரிவுத்தளம், தட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெறும் கூட்டைக் கொட்டிலின் இருட்டான மூலையில் தரையோடு வையுங்கள், வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு சட்டம் அடியுங்கள், வைக்கோலைத் தாராளமாக நிரப்பி ஒரு பொய் முட்டையைப் போட்டு வையுங்கள். எங்கள் பெட்டைகள் அதற்கப்புறம் உள்ளே போக ஆரம்பித்தன, இப்போது பக்கத்தில் இன்னொரு கூடு காலியாக இருந்தாலும் எல்லாம் இந்த ஒன்றுக்குத்தான் முண்டியடிக்கின்றன. பழைய மரப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாலும் இதே வேலைதான் நடக்கும் என்பது வேறு விஷயம்.

பிளாஸ்டிக் தடிமன் பரவாயில்லை, கழுவுவது சுலபம், மூடியின் கீல் மட்டும் மெலிசு. கோழிக்கு 5-க்கு 4 கொடுப்பேன். வாத்துக்கு 2, அதுவும் கழற்ற முடிகிறதே என்பதற்காக.