பழைய வீடு, ஓதம் காத்த கூரை: விற்பவர் பூசித் தரட்டுமா, விலையைக் குறைக்கட்டுமா?

30, 40 வருஷத்து வீட்டை வாங்கும்போது வில்லங்கத்தை அத்தனை கவனமாகப் பார்க்கிறோம், மொட்டை மாடியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறோம். உள்கூரையில் ஓதம் தெரிந்தால் பேச்சு இரண்டு வழியில் போகும். “நானே சரிபண்ணிக் கொடுத்துடறேன்” என்பார் விற்பவர். “வேண்டாம், விலையில குறைச்சுக்குங்க” என்று நாம் கேட்பது மற்றொரு வழி. நான் இரண்டாவது பக்கம்தான்.

கைமாறப் போகிற வீட்டுக்கு யாரும் மனசாரச் செலவு செய்வதில்லை. பெயர்ந்த காரையைத் தட்டிவிட்டு ஒரு பூச்சு, அதன்மேல் பெயின்ட், வேலை முடிந்தது. எங்கே ஒழுகுகிறது என்று காட்டிக்கொண்டிருந்த கறையும் அதோடு போய்விடும். கோடையில் பார்த்து ஆடி கழிந்து பதிவு செய்தால், ஐப்பசி மழைதான் உண்மையைச் சொல்லும். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரிந்துவிடும் குறைக்கு அது பொருந்தாது. கண்ணெதிரே இருந்த கறையை வைத்துப் பிற்பாடு வழக்காடுவது கடினம்.

விலைக்குறைப்பிலும் சங்கடம் உண்டு. விலை குறைந்தால் வங்கிக் கடனும் அந்த அளவுக்குக் குறையலாம்; ரிப்பேர் செலவு கைக்காசாக நிற்கும். எவ்வளவு குறைக்கச் சொல்வது என்பதும் தெரிய வேண்டும். அதை வாட்டர்புரூஃபிங் ஆட்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் விற்பது கோட்டிங். கட்டட உறுதியைப் பார்க்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் காசு கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

காங்கிரீட் கூரையில் நோய் மேலே மட்டும் இருந்தால் பயமில்லை. மாடியில் பதித்த தட்டு ஓடு வெடித்திருக்கும், மழைத் தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் ஓடாமல் தேங்கும். பழைய தளத்தைப் பெயர்த்து, வாட்டம் வைத்துப் புதிதாகப் போட்டால் போதும். கீழே பழுப்புக் கறையும், கம்பி ஓடும் வழியிலேயே நேர்கோட்டில் விரிசலும் தெரிந்தால் கதை வேறு. சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். துரு ஏறிய கம்பி ஊதிப் பெருத்து, தனக்குக் கீழே உள்ள 15, 20 மில்லிமீட்டர் காங்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் இது இன்னும் வேகம். மேலே எந்தக் கோட்டிங் அடித்தாலும் இது நிற்காது. குளியலறை ஓரத்தோடு இருந்தால் விலைபேசலாம். ஹால் முழுக்கப் பரவியிருந்தால், கட்டடத்துக்கு மதிப்பே போடாமல் மனை விலைக்குக் கேளுங்கள். இறங்கி வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னும் பழைய வீடுகளில் இருக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரையில் கம்பி கிடையாது. தேக்குக் கட்டைகள்மேல் செங்கல்லை மூலைவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்பில் கட்டியது. அங்கே பார்க்க வேண்டியது கட்டை சுவருக்குள் நுழையும் முனை. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் மெத்தென்று இறங்குகிறதா? உளுத்துவிட்டது. இந்தக் கூரையை விற்பவர் கையில் விடவே கூடாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதே அரிது. அவசரத்துக்கு மேலே சிமென்டைப் பூசிவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியேற முடியாமல் கட்டையை அரிக்கும்.

பணத்தில் கொஞ்சம் நிறுத்திவைத்து மழைக்குப் பிறகு தருவதாகப் பேசுவது கேட்க நன்றாக இருக்கும். பதிவு நாளில் முழுத்தொகையும் வராமல் கையெழுத்துப் போட அநேகமாக யாரும் ஒப்புவதில்லை.

உங்களிடம் கைக்காசு இல்லாமல், விற்பவரே செய்யட்டும் என்று போனால், இரண்டு நிபந்தனைகளை அக்ரிமென்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். காரையைத் தட்டிக் கம்பி வெளியே தெரியும் நிலையில் உங்கள் இன்ஜினியர் பார்த்த பிறகுதான் பூச்சு. அப்புறம் மாடியில் குழாய் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி, கீழே ஈரம் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் பதிவு.