கார் சொல்வது நாலரை மணித்தியாலம், ஏறுவது ஏழு: பழைய லீஃபின் சார்ஜ் கணக்கு

“மச்சான், முழுசா ஏற எத்தினை மணித்தியாலம் எடுக்கும்?” கல்முனையில் பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த கூட்டாளி கேட்டது. கார் தானே அதற்கு விடை காட்டுகிறது. அந்த விடையில்தான் எனக்கு எரிச்சல்.

என்னுடையது 2014 லீஃப், 24 கிலோவாட் மணி பற்றரி; பற்றரி நலம் காட்டும் 12 பாரில் இப்போது மிச்சம் 9. டாஷ்போர்ட்டில் வரும் நேரம் ஜப்பான் வீட்டின் 200 வோல்ட், 3 கிலோவாட் லைனுக்குப் போட்ட கணக்கு. நம் வீட்டிலோ 230 வோல்ட், 13 அம்பியர் பிளக், அதில் 10 அம்பியர் இழுக்கும் சார்ஜ் கேபிள். காருக்கு இது எதுவும் தெரியாது. 20 வீதத்தில் செருகினால் நாலரை மணித்தியாலம் என்று கூசாமல் காட்டும். நம்பி அந்த நேரத்தில் போய்ப் பார்த்தால் 77, 78 வீதத்தில்தான் நிற்கும்.

கணக்கை நாமே போடலாம். புதிதில் ஓட்டப் பயன்படுவது ஏறக்குறைய 22 கிலோவாட் மணி. லீஃப் ஸ்பை செயலியில் பற்றரி நலம் 70 வீதம் என்று வந்தால் மிச்சம் 15 அளவில். 20 இலிருந்து 100 வரை ஏற்ற 12 வேண்டும். சுவரில் 230 வோல்ட்டை 10 அம்பியரால் பெருக்கினால் 2.3 கிலோவாட், சார்ஜரின் சூட்டிலும் மற்றதிலும் 15 வீதம் போக, பற்றரிக்குப் போவது 1.95. ஆக ஆறு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. கடைசி நாலைந்து வீதத்தில் மின்னோட்டம் இறங்கிவிடும். அதற்கு அரை மணியாவது சேருங்கள். மீட்டரில் 14 யூனிட் ஓடியிருக்கும்.

இதுவும் 230 வோல்ட் வந்தால்தான். டிரான்ஸ்போமருக்குத் தூரத்தில், லைனின் கடைசி வீடு என்றால் இரவு எட்டு மணிக்கு வோல்ட் 205க்கு இறங்கலாம். கேபிள் அதே 10 அம்பியரைத்தான் இழுக்கும் என்பதால் நேரம் முக்கால் மணி நீளும். டைமரை 22.30க்கு வைப்பது இரண்டு விதத்தில் நல்லது: ஊர் படுத்த பிறகு வோல்ட் ஏறும், நேரவாரிக் கட்டணம் எடுத்தவர்களுக்கு 22.30 முதல் 05.30 வரை குறைந்த விலை. அந்த ஏழு மணித்தியாலத்துக்குள் என் பற்றரி மட்டுமட்டாக முடிகிறது. பற்றரி தேய்ந்ததால் கிடைத்த ஒரே நன்மை இது!

பெரிய சார்ஜர் பூட்டினால் விரைவாக ஏறாதா என்பது அடுத்த கேள்வி. சுவரில் 7 கிலோவாட் பெட்டி பூட்டினாலும் காருக்குள் இருப்பது 3 கிலோவாட் சார்ஜர் என்றால் அது மூன்றுக்கு மேல் எடுக்காது. 6 கிலோவாட் சார்ஜர் உள்ள கார் என்றால் 26 அம்பியர் அளவில் கேட்கும். 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டில் அதோடு ஏசியும் அயனும் போட்டால் பிரேக்கர் விழும்.

பிளக்கைத்தான் கவனிக்க வேண்டும். 13 அம்பியர் பிளக் கேத்தலுக்கு ஐந்து நிமிடம் தாங்கும். 10 அம்பியரை ஏழு மணி நேரம் தாங்குவது வேறு கதை. பியூஸ் இருக்கும் லைவ் கால்தான் முதலில் சுடும். கழற்றிப் பாருங்கள்: அந்தக் காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் தேயிலைச் சாயம் போல் பழுப்பேறியிருந்தால் சொக்கட்டின் உள் கிளிப் தளர்ந்துவிட்டது. சொக்கட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். மெயின் பெட்டியிலிருந்து தனி பிரேக்கர், 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், நுனியில் நீல நிற 16 அம்பியர் பிளக் சொக்கட் என்றால் அந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது.

இன்னொன்று எர்த். கல்லடி, காத்தான்குடிக் கரையோர மணலில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் மண் காய்ந்து எர்த் தடை ஏறும். எர்த்தைச் சோதிக்கும் கேபிள் என்றால் சிவப்பு லைட் போட்டு ஏற்ற மறுக்கும். நாம் காரில் பிழை தேடுவோம். எர்த் கம்பியடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் அன்றைக்குச் சரி. நிரந்தரமாகச் சரிவர கம்பி ஈரமண் வரை ஆழமாக இறங்க வேண்டும்.

வேகச் சார்ஜரில் அரை மணியில் 80 வீதம் என்பது புதுப் பற்றரியின் கணக்கு. தேய்ந்த பற்றரியில் உள்தடை கூட, ஆகவே முன்னதாகவே வேகம் விழும். லீஃபின் பற்றரியைக் குளிர்விக்க விசிறியும் இல்லை, தண்ணீரும் இல்லை; மதிய வெயிலில் ஓடிவந்து உடனே செருகினால் வெப்ப பார்தான் ஏறும்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை 40 கிலோமீற்றர் சொச்சம், ஏற்ற இறக்கமே இல்லாத றோட்டு. அதில் இந்தக் கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு ஈடில்லை. ஆனாலும் கூட்டாளிக்கு வாங்காதே என்றுதான் சொன்னேன். என்னுடையதை விற்கவும் மாட்டேன்.

வாங்கியே தீருவான் என்றால், 12 பார் என்று காட்டுவதை நம்பக்கூடாது. பற்றரிக் கணினியை ரீசெட் செய்து பாரை நிரப்பிவிடுவார்கள். சில வாரம் ஓட, திரும்ப இறங்கும். சார்ஜ் குறைவு என்று எச்சரிக்கை வரும்வரை ஓட்டி, தனி யூனிட் மீட்டர் வைத்து ஓர் இரவு முழுசாக ஏற்றிப் பார்க்க வேண்டும். உண்மையான 12 பார் 20 யூனிட்டுக்குக் கிட்ட இழுக்கும். 11, 12 யூனிட்டோடு நின்றால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.